என் மனைவியைத் தோற்கடித்தவள்

கல்யாணமாகி ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது, நான் கட்டிக்கொண்டிருப்பது இந்த மாநிலத்திலேயே இரண்டாவது வேகமாக ஓடுகிற பெண்ணை என்று. அவள் சொல்லித் தெரியவில்லை. என் அம்மா புளி போட்டு வைத்திருந்த ஏனம் சொல்லித் தெரிந்தது.

ஏனம் என்று சொன்னால் பாவம். அது இரண்டு பக்கமும் காது வைத்த, வெள்ளி முலாம் பூசிய பரிசுக் கோப்பை. மருமகள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் அதைப் பார்த்த அம்மா, வாய் அகலமாக இருக்கிறதே, கை உள்ளே போகிறதே என்று சமையலறைக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள். புளிக்கு முலாம் மீது என்ன மரியாதை? நாலே மாதத்தில் தின்று தீர்த்துவிட்டது. ஒருநாள் கிணற்றடியில் துலக்கும்போது அடியில் ஏதோ எழுத்து தெரிய, என்னிடம் நீட்டினாள். மாநிலப் பள்ளிகளுக்கான போட்டி, பெண்கள் நூறு மீட்டர் ஓட்டம், இரண்டாம் பரிசு என்று இருந்தது.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கியிருந்த சமயம். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். வீட்டில் இரண்டு தறி. ஆனால் நான் தறியில் உட்கார்ந்ததைவிடக் கட்டத்தாளோடு உட்கார்ந்ததுதான் அதிகம். புடவைக் கரைக்கு மயில், அன்னம், யாளி என்று கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது என் தொழில். பெரிய காஞ்சிபுரத்தில் நாலு கடை முதலாளிகள் என் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்பேர்ப்பட்ட நான், கோப்பையைத் தூக்கிக்கொண்டு மனைவியிடம் போனேன். அவள் ராட்டையில் பட்டு நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றிக்கொண்டிருந்தாள். தார் சுற்றுவது என்போம். தார் இல்லாவிட்டால் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடாது, நாடா ஓடாவிட்டால் தறி இல்லை.

"இன்னாது இது?"

"கப்புங்க."

"அது தெரியுது. நீயா ஓடின?"

"பள்ளிக்கூடத்துல படிக்கச் சொல்ல ஓடினேன். குட்த்தாங்க."

அவளுக்கு ஊர் திருமுக்கூடல் பக்கம். மூன்று ஆறு கூடுகிற இடம். ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அங்கே கூடிக் கிடப்பது மணல்தான். அந்த மணலில் ஓடிப் பழகியவளுக்குச் சென்னை மைதானத்துத் தரை சிமெண்டுத் தரை போல இருந்ததாம், கால் தானாகவே பறந்ததாம். இதையெல்லாம் ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள். அத்தோடு நான் விட்டிருக்கலாம்.

"அப்ப மொதல்ல வந்தது யாரு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

ராட்டை நின்றது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மூன்றாவதாக ஒருத்தி குடியேறிவிட்டாள். அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சென்னைப் பெண். காலில் முள் வைத்த பூட்ஸ் போட்டிருந்தாள். என் மனைவி வெறுங்கால். அந்தப் பெண் இரண்டு ஜடையையும் மடித்து நீல ரிப்பன் கட்டியிருந்தாள். வலது ரிப்பன் கொஞ்சம் தளர்ந்து, ஓட ஓட ஆடியது. இடது தோளில் சட்டை இரண்டு தையல் விட்டிருந்தது. இவ்வளவும் என் மனைவிக்குத் தெரியும், ஏனென்றால் பாதித் தூரத்துக்கு மேல் அதைத்தான் பார்த்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். கோட்டில் போய்ச் சேரும்போது இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சாண் என்று சொல்லும்போதெல்லாம் என் மனைவி கையை விரித்துக் காட்டுவாள். அவள் கை சின்னக் கை. நான் என் கையை விரித்துக் காட்டினால் கோபம் வந்துவிடும்.

அந்த வருஷம்தான் சலூனில் ஒரு பத்திரிகையில் அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தேன். ஆசிய நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பெரிய விளையாட்டுப் போட்டியில், நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நம் நாட்டின் சார்பில் வெளிநாடு போகிறாளாம். பாதிச் சவரத்தோடு பத்திரிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பொறாமையில் மனைவி பொருமுவாள், நாம் சமாதானப்படுத்தி நல்ல பெயர் வாங்கலாம் என்பது என் கணக்கு.

அவள் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இவதானா?"

"நீதானே சொல்லணும்?"

"மூஞ்சி எனக்கு எப்டிங்க தெரியும்? முதுகக் காட்டியிருந்தா சொல்லிடுவேன்."

பெயரைப் படித்ததும் சந்தேகம் தீர்ந்தது. நான் எதிர்பார்த்த பொருமலைக் காணோம். கண்ணெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது.

"இவ ஜெயிக்கணுங்க," என்றாள். "கண்டிப்பா ஜெயிக்கணும்."

"உன்னத் தோக்கடிச்சவளா?"

"அதனாலதான்! இவ ஆசியாவுலயே மொதலா வந்துட்டா, நான் யாருகிட்ட தோத்தேன்? ஆசியாவுலயே மொதல் ஆளுகிட்ட தோத்தேன். ஒரு சாண்ல. இவ தோத்துட்டான்னு வைங்க, நான் எவகிட்டயோ தோத்தவ. அவ்ளோதான்."

நியாயம்தான். எனக்கே அந்தக் கணக்கு புரிந்தபோது மயிர் கூச்செறிந்தது. இந்தியாவிலேயே அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று அவளைப் பெற்றவர்களுக்கு அடுத்தபடியாகத் துடித்தவள் என் மனைவியாகத்தான் இருக்க முடியும். புடவை கட்டிக்கொண்டு தார் சுற்றுகிற இவள் ஓடினாள் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. ஓடிக் காட்டேன் என்று நானே ஒருமுறை சொன்னேன். "எதுக்கு, யாராவது தொரத்துறாங்களா?" என்றுவிட்டாள். ஓட வேண்டியதை இனி அந்தச் சென்னைக்காரிதான் அவளுக்காக ஓடித் தீர்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். அந்தச் சென்னைக்காரிக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். குருக்கள் பெயர் கேட்டார். சொன்னாள். நட்சத்திரம் கேட்டார். ஒரு விநாடி விழித்துவிட்டு, "ரோகிணி," என்றாள்.

"ரோகிணி உன்னுதாச்சே," என்றேன் காதோரம்.

"அவளுது எனக்கு எப்டித் தெரியும்? ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. அக்கம்பக்கத்துலதான் எங்கியாவது இருக்கும்."

குருக்கள் அர்ச்சனையை முடித்துக் குங்குமம் கொடுத்தார். அம்மாவுக்கு இதைக் கேட்டு மூக்குமேல் விரல். "ஊர் ஒலகத்துல சக்களத்திக்கு அர்ச்சன பண்ணவள நான் பாத்ததில்லடா," என்றாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை தேங்காயை அம்மாவே எடுத்து வைத்தாள். எப்படியோ தெரு முழுக்க இந்தக் காய்ச்சல் பரவிவிட்டது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்கூட, "உங்க பொண்ணு எப்பம்மா ஓடுது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

தெருமுனையில் தெலுங்கு பேசுகிற ஜவுளிக்காரர் வீடு. அவர் வீட்டு ரேடியோ பீரோ மாதிரி இருக்கும். பின்னல் துணி போர்த்தி, மேலே பூச்சாடி வைத்திருப்பார். திருகுவது அவர் மட்டும்தான். போட்டி நாளன்று மாலை நாலு மணிக்கு எங்கள் தெருவில் ஒரு தறிச் சத்தம் கிடையாது. தறிச் சத்தம் நின்றால் எங்கள் பக்கத்தில் யாரோ தவறிவிட்டார்கள் என்று பொருள். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யார் என்று விசாரிக்க வந்தே விட்டார்கள். அவர்களையும் உட்கார வைத்தோம். அம்மா தெருக்கூத்துக்குப் போகிற மாதிரி தலையணையும் வெற்றிலைப் பெட்டியும் கொண்டு வந்திருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால் ரேடியோவின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லும் பொறுப்பு என் மனைவிக்கு. ரேடியோவுக்குக் காதைக் கொடுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் காமாட்சியம்மன் குங்குமம்.

"எட்டு பேரு ஓடறாங்க. பேரு சொல்றான். நம்மாளு ஆறாவது கோடு. குனிஞ்சிக்கினு இருக்காங்களாம். சத்தம் போடாதீங்க."

நாங்கள் மூச்சைப் பிடித்தோம். ஒரு டப் என்ற ஓசை. பிறகு கொரகொரவென்று ஒரு இரைச்சல். அதற்குள்ளே ஒரு ஆள் யாரோ அடித்த மாதிரி கத்தினான். இரைச்சல் அடங்கியது.

"அயிப்போயிந்தி," என்றார் ஜவுளிக்காரர்.

"இன்னாவாம்?" என்றாள் அம்மா.

"முடிஞ்சி போச்சிம்மா," என்று அவரே தமிழில் சொன்னார்.

"எப்பப்பா ஆரம்பிச்சாங்கோ?" அம்மாவின் கையில் வெற்றிலை இன்னும் மடிக்காமல் இருந்தது. "நான் இன்னும் சுண்ணாம்பே தடவல. இதுக்கா தறிய நிறுத்தினீங்க?"

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள், பிறகு இரண்டு, பிறகு மூன்று. மூன்று பெயர் சொன்னானாம். மூன்றும் வேறு நாட்டுப் பெயர். நாலாவது யார் என்று சொல்வதற்குள் ரேடியோ ஹாக்கிக்குப் போய்விட்டது. "அப்ப நாலாவதுதான்மா, வேற யாரு?" என்றார் ஜவுளிக்காரர், தன் ரேடியோவால் ஒரு குடும்பத்துக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்ற கவலையில்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கட்சிப் படிப்பகத்துக்கு ஓடினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் நாலே வரி. தேடிக் கண்டுபிடித்தேன். நம் நாட்டு வீராங்கனை எட்டாவதாக வந்தார் என்று போட்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பி நடந்த தூரம் முழுக்க உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். வாசலில் அவள் கோலப்பொடிக் கையோடு நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலாவது. மயிரிழையில மூணாவது போயிடுச்சாம்."

அந்த மயிரிழை என் சொந்தச் சரக்கு. பொய் என்று வந்துவிட்ட பிறகு கஞ்சத்தனம் எதற்கு?

"அப்ப நான் அஞ்சாவதுங்க," என்றாள்.

இரண்டு நாள் எங்கள் வீட்டில் திருவிழா. ராட்டை சுற்றிய வேகத்துக்குத் தறி ஈடுகொடுக்க முடியவில்லை. கூடை நிறையத் தார் வந்து விழுந்தது. நானும் லேசுப்பட்டவன் இல்லை. கடைக்குப் போன இடத்தில் முதலாளியிடம், ஆசியாவில் ஐந்தாவது வேகமான பெண் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் அந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். பத்திரிகையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். சரி என்று கேட்டுக்கொண்டாள். நான் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில், படிப்பகத்துக்கு நேரே நடந்து போய்விட்டாள். ஆம்பிளைகள் பீடி பிடித்துக்கொண்டு உலக அரசியல் பேசுகிற இடம் அது. அன்றைக்கு வரை அந்த வாசலில் ஒரு பெண்பிள்ளை கால் வைத்ததில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். தேதி சொல்லிப் பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அன்றைய தாளை வாங்கி, நின்றபடியே படித்து, மடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

நான் கண் விழித்தபோது ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சுற்று, ஒரு நிறுத்தம். ஒரு சுற்று, ஒரு நிறுத்தம்.

"ஆசியாக் கண்டம் பூராவுலயும் எட்டாவதுன்னா சும்மாவா?" என்று ஆரம்பித்தேன். எவ்வளவு சனம் இருக்கிறது, எத்தனை நாடு இருக்கிறது என்று அடுக்கினேன். எனக்கே நான் பேசுவது நன்றாக இருந்தது.

"எட்டு பேரு ஓடினாங்க," என்றாள். "எட்டு பேரு ஓடச் சொல்ல எட்டாவதுக்கு இன்னா பேருங்க?"

என் பொய்யைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்; சண்டையில் நான் தேர்ந்தவன். அவள் தலை நிமிராமல் நூலைப் பார்த்துக்கொண்டே, "அவளே கடைசின்னா, அவ முதுகப் பாத்துக்கினு ஓடின நான் எதுல சேத்தி?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணமான இத்தனை மாதத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதை என்னால் கடையில் வாங்கித் தர முடியாது. தறியில் போட்டு நெய்தும் தர முடியாது என்றுதான் அன்று நினைத்தேன்.

ஒரு வாரம் அப்படியே போனது. தார் வராமல் தறி பட்டினி கிடந்தது. அம்மா என்னை முறைத்தாள். என் தலைக்கனம்தான் ஒரு வழி சொன்னது. வரைகிறவன் வரைந்துதானே சமாதானம் செய்ய முடியும்? இரண்டு பெண்கள் ஓடுகிற மாதிரி ஒரு கரை போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒருத்தி அவள், ஒருத்தி இவள். இந்த ஊரில் எவன் தறியிலும் இதுவரை ஏறாத உருப்படி.

பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வரைந்தேன். மயிலுக்குக் கழுத்து வளைவது எனக்குக் கைவந்தது. மனுஷிக்கு முழங்கால் மடங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. கட்டம் கட்டமாக நிரப்பி, ஜடை மடித்து, ரிப்பன் வைத்து, ஒரு பெண்ணை முடித்தேன். அச்சாக ஓடினாள். அடுத்தவளை வரைய என்ன கஷ்டம்? எங்கள் தொழிலில் எல்லாமே ஜோடி. ஒரு மயிலைப் போட்டால் போதும். எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற துளை போட்ட அட்டைகளைக் கரையில் முன்பக்கமாக ஓட்டி, அப்படியே பின்பக்கமாக ஓட்டினால், எதிரே இன்னொரு மயில் தானாக வந்து நிற்கும். பாதி வேலை, பாதி அட்டை. நானும் பதினைந்து வருஷப் பழக்கத்தில் தாளை நடுவில் மடித்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பின்பக்கம் நகல் எடுத்தேன், பிரித்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிரமாதமாக இருந்தது.

ராட்டைக்கு முன்னால் கொண்டுபோய் விரித்தேன்.

முதலில் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு உதடு ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அதுவும் போதவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒரு வாரச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள்.

"இன்னாங்க இது! ரெண்டு பேரும் எதிரெதிர ஓடியாராங்க! எந்த ஊரு பந்தயத்துலங்க இப்டி வுடுவாங்க? மண்ட ஒடஞ்சி போவாதா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "குழாயடிச் சண்டையாடா? கொடத்தக் காணோமே," என்றாள்.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி தலைதெறிக்க வருகிறாள். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி தலைதெறிக்க வருகிறாள். மூன்று நாள் உழைப்பு. காதெல்லாம் சூடாகிவிட்டது. "சிரிக்கிறவங்க வந்து வரஞ்சி பாருங்க," என்று கத்திவிட்டு, ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்துப் பெண்ணை அழித்து, திருப்பிப் போட்டு, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக ஓட வைத்துவிடுவதென்று ரப்பரை அவள் கால்மேல் வைத்தேன்.

"இருங்க," என்றாள்.

சிரிப்பு நின்றிருந்தது. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராட்டையிலிருந்து ஒரு தார்க்குச்சியை எடுத்து, இந்தப் பக்கத்துப் பெண்ணின் மூக்கு நுனியிலிருந்து நடுக்கோடு வரை ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினாள். உதடு அசைந்தது. ஒன்பது. அடுத்தவளின் மூக்கு நுனியிலிருந்து எண்ணினாள். ஒன்பது. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். இரண்டு பக்கமும் ஒன்பதுதான். தாளை மடித்து எடுத்த உருவத்தில் வேறு எப்படி இருக்கும்?

"ரெண்டு பேரும் ஒண்ணாதான் போய்ச் சேருவாங்களா?" என்று கேட்டாள்.

"வேற வழியே இல்ல. தறி அப்டித்தான் நெய்யும்."

"எத்தன பொடவ நெய்ஞ்சாலும்?"

"எத்தன நெய்ஞ்சாலும்."

என் கையிலிருந்த ரப்பரை வாங்கித் தார்க்கூடைக்குள் போட்டாள். பிறகு தாளின் மேல் குனிந்து, எதிரெதிரே இருந்த அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல நீ யாரு?" என்று கேட்டேன்.

அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"தெரியலயேங்க," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.